இருபத்தேழாம் எண் தொட்ட கதவுகள்

அத்தியாயம் 11

சென்ற அத்தியாயத்தில் டிப்போ மேனேஜரின் மேஜைமேல் முப்பத்தோராயிரம் விதிகளைக் கொட்டிவிட்டு அசடு வழிய நின்ற சின்னவளை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மேனேஜரும் மறக்கவில்லை.

எந்த பஸ்ஸுக்கு என்ன ரிப்பேர், யார் செய்தார்கள், எதை மாற்றினார்கள் என்று ஒர்க்‌ஷாப்பில் எழுதி வைத்த வேலைச் சீட்டுகள் மூன்று வருடத்துக்கு நாற்பதாயிரம் இருந்தன. அத்தனையையும், டிப்போவின் கம்ப்யூட்டர் பிரிவில் இருக்கும் சின்னவள் கம்ப்யூட்டருக்குத் தின்னக் கொடுத்திருந்தாள். எது வந்தால் கூடவே எது வருகிறது என்று தேடிச் சொல்வதுதான் அவள் எழுதிய புரோகிராமின் வேலை. அதுவும் தேடிச் சொன்னது. முதல் விதி: டயரைக் கழற்றிய பஸ்ஸில் டயர் மாட்டப்படுகிறது, நூற்றுக்கு நூறு உறுதி.

“கழட்டின டயரைத் திரும்ப மாட்டறோம்னு சொல்ல ஒரு கம்ப்யூட்டரா?” என்று மேனேஜர் கேட்க, ஒர்க்‌ஷாப்பே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

சிரிக்காத ஒரே ஆள் பெரியவள். சின்னவளின் அக்கா. அந்த ஒர்க்‌ஷாப்பின் பஸ் கதவு, காற்றழுத்தப் பிரிவில் பதினோரு வருடமாக மெக்கானிக். அன்று மாலையே அவள் கைக்கும் ஒரு மெமோ வந்தது. கடந்த ஏழு மாதமாக அவள் சரிசெய்த கதவுகள் பத்து நாளுக்குள் திரும்பத் திரும்ப ரிப்பேருக்கு வருகின்றனவாம். வியாழக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் எழுத்துமூலம் விளக்கம் தர வேண்டுமாம். தராவிட்டால் கேட்டில் உட்கார்ந்து உள்ளே வரும் பஸ், வெளியே போகும் பஸ் என்று கோடு போடுகிற வேலை.

ஒரே வீட்டில், ஒரே நாளில், இரண்டு பேருக்கும் மூக்கு உடைந்தது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் தேற்றியிருக்கலாம். அது நம் வீடுகளில் நடக்கிற காரியமா? “ஏதாவது எழுதிக் குடுத்துடுக்கா” என்றாள் சின்னவள். “தெரிஞ்சதையே திரும்பச் சொல்ல நான் என்ன உன் மெஷினா?” என்றாள் பெரியவள். அதோடு பேச்சு நின்றது.

இதோ, வியாழக்கிழமை காலை.

சமையலறை மேஜையில் மூன்று பேர். நடுவில் மாமா, அதாவது பெரியவளின் கணவர். அதே டிப்போவில் பஸ் ஓட்டுகிறார். இன்று அவருக்கு வார ஓய்வு. மூன்று நாளாக அவருக்கு வீட்டில்தான் அதிக டியூட்டி.

“மாமா, அக்காகிட்ட ரொட்டியை இந்தப் பக்கம் தள்ளச் சொல்லுங்க.”

“உன் தங்கச்சிக்கு ரொட்டி வேணுமாம்.”

“கை இருக்குல்ல, எடுத்துக்கச் சொல்லுங்க.”

“கை இருக்காம்” என்றார் மாமா. “இதப் பாருங்க, ரெண்டு பேருக்கும் சொல்றேன். நான் ஓட்டற பஸ்ஸே நேர் பாதையில போகும். உங்களுக்கு நடுவுலதான் எனக்குத் தலை சுத்துது.”

சின்னவள் ரொட்டியை எடுக்கவில்லை. மூன்று நாளாக மனதுக்குள் ஒத்திகை பார்த்த வாக்கியத்தை ஒருவழியாகத் தொண்டையிலிருந்து வெளியே தள்ளினாள்.

“அக்கா. பதினொரு மணிக்கு மேனேஜர் இன்னொரு சான்ஸ் குடுத்திருக்காரு. நான் அதை மாத்தி எழுதிட்டேன். இப்ப அது எல்லாத்தையும் கொட்டாது. அஞ்சஞ்சா காட்டும். பஸ்ஸைத் தெரிஞ்ச ஆள் பக்கத்துல உட்காந்து, இது எனக்குத் தெரியும் தள்ளு, இதை இன்னும் தோண்டுன்னு சொல்லணும். சொல்லச் சொல்ல அது வழி மாத்திக்கும். ஆள் இல்லேன்னா இது ஓடாது.”

“அதுக்கு?”

“நீ வந்து உட்காரு.”

பெரியவள் டீயைக் குடித்து முடித்தாள். டம்ளரைக் கழுவினாள், துடைத்தாள், கவிழ்த்தாள், மேஜையில் அது நின்ற இடத்தையும் துடைத்தாள். சுத்தத்தில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. கிரீஸ் வேலை பார்க்கிறவள் வீடு இது என்று யாரும் நம்ப மாட்டார்கள்.

“பதினொன்னா? பத்தே முக்காலுக்கு வரேன்” என்றாள்.

மாமா மேலே பார்த்துக் கும்பிட்டார்.

மேனேஜரின் அறை ஒர்க்‌ஷாப்புக்கு மேலே, கண்ணாடி ஜன்னலோடு இருந்தது. கீழே, அடிப்பாகத்தில் வேலை பார்ப்பதற்காகத் தரையில் வெட்டிய பள்ளங்களின்மேல் பஸ்கள் நின்றன. மேனேஜர் கெட்டவர் அல்ல. இருநூறு பஸ்ஸையும் காலையில் வெளியே அனுப்பியாக வேண்டும் என்ற ஒரே கவலையில் பாதி முடி கொட்டியவர். பெரியவளைப் பார்த்ததும் புருவத்தை உயர்த்தினார்.

“விளக்கம் எழுதிட்டீங்களா?”

“அஞ்சு மணிக்குத்தானே சார்.”

சின்னவள் திரையைத் திருப்பி வைத்தாள். ஐந்து வரிகள் இருந்தன. ஒவ்வொன்றின் பக்கத்திலும் மூன்று பொத்தான்கள்: ‘தெரிந்தது’, ‘தோண்டு’, ‘இருக்கட்டும்’.

“தெரிஞ்சதுன்னு அழுத்தினா அந்த விதியும், அதே ஜாதகத்துல இருக்கிற மத்ததும் மொத்தமா போயிடும்” என்று விளக்கினாள்.

“டயர் கழட்டினா டயர் மாட்டறோம். போகட்டும்” என்றாள் பெரியவள்.

ஒரே அழுத்தில் நாலாயிரத்துச் சொச்சம் விதிகள் காணாமல் போயின. மேனேஜர் நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்தார்.

“பிரேக் கட்டை மாத்தினா பிரேக் சோதனை. தெரியும். மழை மாசத்துல வைப்பர் ரிப்பேர். ஊருக்கே தெரியும். பேட்டரி மாத்தின பஸ்ல டைனமோ ரிப்பேர். தெரியும், ஆனா அதை எழுதி வைங்க, புதுசா வர்றவங்களுக்கு ஆகும்.”

அரை மணி நேரத்தில் முப்பத்தோராயிரம் முந்நூறாகக் குறைந்தது. அக்கா திரையைப் பார்க்கும் பார்வையில் ஒரு பழக்கம் இருந்தது. இன்ஜின் சத்தத்தைக் கேட்கும்போதும் அவள் அப்படித்தான் தலையைச் சாய்ப்பாள். வேண்டாததை அவள் தள்ளத் தள்ள, தான் எழுதிய புரோகிராமுக்கு இப்போதுதான் உயிர் வருகிறது என்று சின்னவளுக்குப் பட்டது. மார்பு நிமிர்ந்தது. சண்டை போட்டதெல்லாம் மறந்துவிட்டது.

“நல்லாத்தான் இருக்கு” என்றார் மேனேஜர். பிறகு தொண்டையைக் கனைத்தார். “கதவை மட்டும் காட்ட முடியுமா? மெமோவுல இருக்கிற அந்த ஏழு மாசம்.”

சின்னவள் தட்டினாள். திரையின் உச்சியில் ஒரு வரி வந்து நின்றது.

கதவு ரிப்பேர், பணி எண் 27 எனில், பத்து நாளுக்குள் திரும்ப வரும். நூற்றுக்கு ஐம்பத்தெட்டு.

அதன் கீழே, கதவு ரிப்பேர், மற்ற பணி எண்கள் எனில், நூற்றுக்கு ஒன்பது.

இருபத்தேழு யார் என்று யாரும் கேட்கவில்லை. பெரியவளின் சட்டைப் பையின் மேலேயே அது தைத்திருந்தது.

சின்னவளின் விரல் ‘தெரிந்தது’ பொத்தானின்மேல் இருந்தது. ஒரு அழுத்து போதும். அந்த விதியும் அதன் உற்றார் உறவினரும் ஒரேயடியாக மறைந்துவிடும். மேனேஜர் கேட்டால் கை பட்டுவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம். தன் கையால் எழுதிய புரோகிராம், தன் அக்காவையே காட்டிக்கொடுக்கிறதே என்று அவளுக்கு அழுகை முட்டியது.

“கையை எடு” என்றாள் பெரியவள்.

“அக்கா...”

“எனக்குத் தெரிஞ்ச விஷயமா இது? தெரியாது. அப்புறம் எதுக்குத் தெரிஞ்சதுன்னு அழுத்தற? தோண்டு.”

சின்னவள் தோண்டினாள். எந்தப் பள்ளம், எந்த ஷிப்ட், எந்த உதிரிப் பாகம் என்று ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டினாள். எப்படிப் பிரித்துப் பார்த்தாலும் இருபத்தேழு அப்படியே நின்றது. மேனேஜர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டார். ஒருவர் மானம் போவதை நேருக்கு நேர் பார்க்க அவருக்கும் பிடிக்கவில்லை.

பெரியவள் கண்ணை மூடினாள். பிறகு கேட்டாள்.

“இதுல நான் கழட்டினது, மாட்டினது எல்லாம் இருக்கு. என் பள்ளத்துலேர்ந்து போன பிறகு பஸ் என்ன ஆச்சுன்னு இருக்கா?”

“வேலைச் சீட்டுல அது வராதே.”

“வேலைச் சீட்டுல வராது. கேட்ல ஒரு சீட்டு குடுப்போமே, வெளிய போறப்ப. டீசல் எவ்வளவு, கழுவினதா, கழுவாததா. அது?”

சின்னவள் நிமிர்ந்தாள். “ஸ்கேன் பண்ணி வெச்சிருக்கேன். ஆனா சேர்க்கல. ரிப்பேருக்கும் கழுவறதுக்கும் என்ன சம்பந்தம்னு...”

“சேர்த்துப் பாரு.”

பத்து நிமிடம் ஆனது. கீழே யாரோ இரும்பில் தட்டிக்கொண்டிருந்தார்கள். திரையில் வரிகள் இடம் மாறி அடுக்கிக்கொண்டன. முதல் வரியில் இப்போது இருபத்தேழு இல்லை.

கதவு ரிப்பேர், அதன்பின் கழுவியது எனில், பத்து நாளுக்குள் திரும்ப வரும்.

சின்னவள் எண்ணிக்கையைப் படித்தாள். “நீ சரி பண்ணினது நூத்தி முப்பத்தொரு கதவு. நூத்தி ஒன்பது கழுவப் போயிருக்கு, எழுபத்தஞ்சு திரும்பி வந்திருக்கு. கழுவாம போனது இருபத்திரெண்டு. திரும்பினது ஒண்ணே ஒண்ணு.”

“மத்தவங்களுது?” இதைக் கேட்டது மேனேஜர்.

“இருநூத்தி முப்பத்து மூணு கதவு. அவங்க கழுவ அனுப்பினதே பத்தொன்பதுதான் சார். அதுல பதிமூணு திரும்பிடுச்சு. கழுவாத இருநூத்திப் பதினாலுல ஒன்பது.”

யார் கை பட்டது என்பது பொருட்டே இல்லை. கழுவினால் திரும்பி வருகிறது, கழுவாவிட்டால் வருவதில்லை.

“அந்த ஏழு மாசத்துக்கு முந்தி?” என்றாள் பெரியவள். “அப்பவும் நான் கழுவித்தான் அனுப்புவேன்.”

முந்தைய இரண்டு வருடத்தைப் போட்டதும் விதி மறைந்தே போனது. கழுவிய முந்நூறு கதவுகளில் பதினொன்றுதான் திரும்பியிருந்தன.

“ஏழு மாசம் முன்னாடி கழுவற இடத்துல என்ன மாத்தினோம்?” என்று மேனேஜர் தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். பதிலும் அவரிடமே இருந்தது. “புது பம்ப். கீழேர்ந்து பீய்ச்சறது.”

பெரியவள் எழுந்து படி இறங்கினாள். மற்ற இருவரும் பின்னால் ஓடினார்கள். நேற்று திரும்பி வந்த ஒரு பஸ் ஓரமாக நின்றது. அதன் படிக்கட்டுக்குக் கீழே குனிந்து, கதவுக்குக் காற்றைத் திறந்து மூடும் வால்வைக் கழற்றினாள். உள்ளங்கையில் வைத்துத் தட்டினாள். துருப்பிடித்த தண்ணீர் நாலு சொட்டு விழுந்தது.

“கீழேர்ந்து அடிக்கிற தண்ணி, காத்து வெளிய போற துவாரம் வழியா உள்ள ஏறுது” என்றாள். “அன்னிக்கே நிக்காது. துரு ஏற நாலு நாள், அஞ்சு நாள் ஆகும். நான் பார்க்கறப்ப நல்லாத்தான் இருக்கும்.”

பதினோரு வருடமாக அவளுக்கு ஒரு வழக்கம். தன் பள்ளத்திலிருந்து போகும் பஸ் அழுக்காகப் போகக் கூடாது. மற்றவர்கள் முடித்த கையோடு சாவியைக் கொடுத்துவிடுவார்கள். அவள் மட்டும், “போய்க் குளிச்சிட்டு வா” என்று பஸ்ஸிடமே சொல்லிக் கழுவுகிற இடத்துக்கு அனுப்புவாள். அதைத்தான் ஊர் பெருமையாகப் பேசியது. அதுதான் அவளுக்கு மெமோவும் வாங்கிக் கொடுத்தது.

“நல்லதாப் போச்சு” என்றார் மேனேஜர். முகம் முழுக்க வியர்வை. “பம்ப்தான் காரணம்னு ரெண்டு வரி எழுதிக் குடுங்க. மெமோவை நானே கிழிச்சுடறேன்.”

“ரெண்டு வரி போதாது சார்” என்றாள் பெரியவள். “எழுபத்தஞ்சு தடவை ஒரே வேலை திரும்பி வந்தும், வால்வை மாத்திட்டே இருந்தேன். தண்ணி எங்கேர்ந்து வருதுன்னு ஒரு தடவைகூடக் கேக்கல. நம்ம கையில தப்பு வராதுன்னு ஒரு திமிரு. நல்லா கழுவினதாலதான் கெட்டுச்சு, கழுவ அனுப்பினதும் நான்தான். அதையும் சேர்த்து எழுதுவேன்.”

சின்னவளுக்கு அந்த இடத்திலேயே அக்காவைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. கிரீஸ் கையைப் பார்த்துத் தயங்கினாள். இந்த ஊரில் எத்தனை பேருக்கு அக்கா இருப்பாள், இப்படி ஒருத்தி எனக்கல்லவா வாய்த்திருக்கிறாள் என்று நினைத்தபோது கண்ணில் நீர் திரையிட்டது. அது அழுகை இல்லை.

மேலே போனார்கள். பெரியவள் காகிதம் கேட்டாள். பேனாவின் மூடியைத் திறந்து பிடித்தவள், எழுதவில்லை.

“பொடிசு.” அப்படிக் கூப்பிட்டு மூன்று நாள் ஆகியிருந்தது. “இதே வால்வு, இதே கம்பெனி, பிரேக்லயும் இருக்கு. பின் சக்கரத்துக்குப் பக்கத்துல, அடியில. கழுவினது, பிரேக். போட்டுப் பாரு.”

சின்னவள் போட்டாள். “ஒண்ணும் வரலக்கா.”

“ஒண்ணும் இல்லையா, ஒண்ணும் காட்டலையா?”

கேள்வி சுருக்கென்று தைத்தது. பத்து தடவைக்குக் குறைவாக நடந்ததைக் காட்டாதே என்று புரோகிராமில் ஒரு கோடு போட்டு வைத்திருந்தாள். இல்லாவிட்டால் குப்பை சேரும். எங்கும் அப்படித்தான் செய்வார்கள்.

“பத்துக்குக் கீழ இருந்தா மறைச்சுடும்” என்றாள்.

“கதவுக்குப் பத்து சரி. பிரேக்குக்கு ஒண்ணு போதும். கோட்டைக் கீழ இறக்கு.”

இறக்கினாள். ஒரே ஒரு வரி.

கழுவியது, பிரேக் தாமதமாகப் பிடிக்கிறது. ஆறு சீட்டு. ஆறும் கழுவிய பஸ்கள். ஆறும் இந்த ஏழு மாதத்தில்.

மேனேஜர் திரைக்குப் பக்கத்தில் குனிந்து அந்த வரியை இன்னொரு முறை படித்தார்.

“இந்த வாரம் எத்தனை கழுவினோம்?” என்றார் மேனேஜர்.

“முப்பத்தெட்டு. இப்ப ரோட்டுல இருக்கிறது இருபத்தொன்பது.”

“நடுப்பகல்ல இருபத்தொன்பது பஸ்ஸைத் திருப்பிக் கூப்பிட்டா, பாதி ஊர் நின்னுடும். மேலிடத்துல என்னைக் கிழிச்சுத் தொங்கவிடுவாங்க. நிச்சயமா இதுதானா?”

சின்னவள் பொய் சொல்லியிருக்கலாம். மூன்று நாள் முன்பு பட்ட அவமானத்துக்குப் பதிலாக, நூற்றுக்கு நூறு என்று மார்தட்டியிருக்கலாம்.

“ஆறுக்கு ஆறு சார். ஆனா ஆறே ஆறுதான். தற்செயலாவும் இருக்கலாம். சேர்ந்து வருதுன்னுதான் இது சொல்லும். ஏன்னு இதுக்குத் தெரியாது.”

மேனேஜர் பெரியவளைப் பார்த்தார். பெரியவள் சின்னவளைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் இருந்த பெருமையைச் சின்னவள் அதற்கு முன் பார்த்ததில்லை. முதல் சம்பளம் வாங்கி வந்த அன்றுகூட அக்கா அப்படிப் பார்க்கவில்லை.

“கூப்பிடுங்க சார்” என்றாள் பெரியவள். “நிதானமா, ஓரம் கட்டி, ஆளை இறக்கிட்டு வரச் சொல்லுங்க.”

அவர் கன்ட்ரோல் ரூமுக்கு போன் போட்டார். எண்களை ஒவ்வொன்றாகப் படித்தார். மறுமுனையில் ஏதோ கேட்டார்கள். ரிசீவரைக் கையால் மூடிக்கொண்டு, “யார் சொன்னதுன்னு பதிவு பண்ணணுமாம்” என்றார்.

பெரியவள் கையை நீட்டி ரிசீவரை வாங்கினாள். தன் முழுப் பெயரையும் எழுத்தெழுத்தாகச் சொன்னாள்.

முதல் பஸ் கேட்டுக்குள் திரும்பியபோது அவள் பள்ளத்துக்குள் இறங்கியிருந்தாள். சின்னவளும் இறங்கினாள். ஐந்து வருடமாக இந்த டிப்போவைக் கம்ப்யூட்டரில் பார்க்கிறவள், பஸ்ஸின் அடிவயிற்றை இன்றுதான் பார்க்கிறாள். டார்ச்சை மேலே தூக்கிப் பிடித்தாள்.

“அக்கா, உள்ள தண்ணி இல்லேன்னா?”

“இருபத்தொன்பது பஸ்ஸை வீணா நிறுத்தினவள்னு எனக்குப் பேரு வரும்” என்றாள் பெரியவள், ஸ்பேனரைப் பொருத்தியபடி. “வந்துட்டுப் போகட்டும். வெளிச்சத்தை ஆட்டாம பிடி.”

திருகு ஒரு சுற்று கழன்றது. (தொடரும்)